லிமொஞ்செல்லோ: தோல் சீவத் தெரிந்தால் போதும்

லிமொஞ்செல்லோ என்ற இத்தாலிய எலுமிச்சைக் குடிவகைக்குப் பழச்சாறு ஒரு சொட்டும் வேண்டாம். எலுமிச்சையின் மஞ்சள் தோல், கடும் அல்ககோல், சீனி, தண்ணீர், இவ்வளவுதான் சாமான். கசிப்புக் காய்ச்சுகிற மாதிரியான வேலை என்று பயப்படவும் வேண்டாம். கடையில் வாங்கிய அல்ககோலில் தோலை ஊறவைத்து, வடித்து, இனிப்புச் சேர்க்கிறோம். அடுப்பில் ஏறுவது சீனித் தண்ணீர் மட்டும்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா (வீட்டு அம்மா) சொரெந்தோவில் பிறந்தவர். இந்தக் குடிவகையின் ஊர் என்றால் சொரெந்தோ, அமால்ஃபி, காப்ரி என்று நேப்பிள்ஸுக்குத் தெற்கே இருக்கும் கரைதான். அங்கத்தைய பழம் தவிர வேறெதுவும் அவருக்குப் பழமே இல்லை. சொரெந்தோ, அமால்ஃபி எலுமிச்சைகளுக்குப் புவிசார் குறியீடு இருப்பது உண்மை. சிசிலியின் சிரக்கூசா எலுமிச்சைக்கும் அது உண்டே என்றால் காது கேளாத மாதிரி இருப்பார். பலாரோ சந்தையில் வாங்கும் சிசிலிப் பழத்தில்தான் நான் செய்கிறேன், அவரும் குடிக்கிறார்.

பழம் வாங்கும்போது ஊரைவிடத் தோலைத்தான் பார்க்க வேண்டும். பெட்டியில் தோல் உண்பதற்கல்ல என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு பூஞ்சை மருந்து அடித்து, மெழுகு பூசிய பழம் அது. மருந்தடிக்காத பழமாக, இலையோடு கிடைத்தால் இன்னும் நல்லது. நகத்தால் லேசாகக் கீறினால் எண்ணெய் தெறித்து மணம் மூக்கில் ஏற வேண்டும். இங்கே குளிர்காலப் பழம்தான் எனக்குப் பிடிக்கும். கோடையில் வரும் பச்சைப் பழத்தை வெர்தெல்லோ என்பார்கள். ஆனி, ஆடி வெயிலில் மரத்தைத் தண்ணீரில்லாமல் வாடவிட்டு, பிறகு திடீரென்று பாய்ச்சிப் பூக்க வைத்தால் அடுத்த கோடைக்குக் காய்ப்பது அது.

அளவு இப்படி: பெரிய பழம் 6 அல்லது 7, 96 பாகை (96 சதவீத) அல்ககோல் 500 மில்லி, சீனி 400 கிராம், தண்ணீர் 850 மில்லி. ஒன்றரை லீட்டருக்குச் சற்று மேலே வரும். அல்ககோல் கிட்டத்தட்ட 30 சதவீதம் இருக்கும்.

அல்ககோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இத்தாலிய சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு விதமான போத்தல் உண்டு. குடிவகைப் பக்கத்தில், மூடியில் அரச வரி முத்திரையோடு நிற்கும் நிறமில்லாத போத்தல்தான் நமக்கு வேண்டியது. சவர்க்காரம், பிளீச் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் மலிவாக நிற்பது துடைக்கிற அல்ககோல். அது நஞ்சு. 96 பாகை சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும்போது போத்தலைத் திறக்காதீர்கள்.

இனிச் சீவல். பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். உருளைக்கிழங்கு சீவுகிற பீலர் போதும். கையை அழுத்தாமல், மேலிருந்து கீழாக இழுங்கள். சீவியதைத் திருப்பிப் பாருங்கள்: உட்புறமும் மஞ்சளாக, சிறு குழிகளோடு தெரிந்தால் சரி. வெள்ளை ஒட்டியிருந்தால் சிறு கத்தியைப் படுக்க வைத்து வழித்தெடுங்கள். அந்த வெள்ளைதான் கசப்பு. எவ்வளவு சீனி கொட்டினாலும் அது போகாது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஆகாது.

தோலைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, அல்ககோலை ஊற்றி, இறுக மூடி, இருட்டான அலுமாரியில் வையுங்கள். தினம் ஒருமுறை குலுக்கினால் போதும். நாற்பது நாள் என்பது சின்யோராவின் கணக்கு. நான் தோலைத்தான் கேட்பேன்: நிறம் வெளுத்து, வளைத்தால் அப்பளம் மாதிரி முறிந்தால் எண்ணெய் முழுக்க இறங்கிவிட்டது. 96 பாகையில் பத்து நாளிலேயே அது நடக்கும்.

சீனியைத் தண்ணீரில் கரையும்வரை சூடாக்கி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு ஊற்றினால் அல்ககோலும் மணமும் ஆவியாகிவிடும். தோலை வடித்தெடுத்த பிறகு அந்தச் சீனிப்பாகைச் சேர்த்துவிடுங்கள். அதுவரை கண்ணாடி போலத் தெளிவாக இருந்த மஞ்சள், ஊற்றுகிற இடத்திலேயே கலங்கிப் பால் மஞ்சளாக மாறும். பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். கடும் அல்ககோலில் கரைந்திருந்த எலுமிச்சை எண்ணெய், தண்ணீர் சேர்ந்ததும் நுண்துளிகளாகப் பிரிகிறது. கோடையில் பலெர்மோக்காரர் குடிக்கும் சம்மு, அதாவது தண்ணீரில் விடும் சோம்புச் சாறு, வெளுப்பதும் இதனால்தான்.

கலந்த உடனே குடித்தால் தொண்டை எரியும். போத்தலில் ஒரு மாதம் விடுங்கள், காரம் அடங்கும். அப்புறம் பிரீசரில் வையுங்கள்; இந்த அளவு அல்ககோலும் சீனியும் இருந்தால் உறையாது. ஐஸ் துகள் கட்டினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கிளாசில் கொஞ்சம்தான் ஊற்ற வேண்டும். இனிப்பு ஏமாற்றும்.

96 பாகை கிடைக்காத நாட்டில் இருப்பவர்கள் 40 பாகை வொட்காவில் செய்யலாம். ஒரு லீட்டர் வொட்காவுக்கு 250 கிராம் சீனியும் 200 மில்லி தண்ணீரும் போதும். தோலை ஒரு மாதமாவது ஊறவிடுங்கள். மணம் குறையும், கலங்கலும் அவ்வளவாக வராது.

தோல் போன பழம் சீக்கிரம் காய்ந்துவிடும். அன்றைக்கே பிழிந்து ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தால், சொதி இறக்கும்போது ஒரு கட்டி போடலாம்.