கேட்சர் அப்ஸ்ட்ரக்‌ஷன்: அவசரப்பட்டு ‘டைம்’ சொல்லாதீர்கள்

சாப்ட்பாலில் புதிதாக பிளேட் அம்பயராக (பேட்டருக்குப் பின்னால் நிற்கும் நடுவராக) நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேட்டர் பந்தை அடிக்கப் போகும்போது, பின்னால் பந்தைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சர் தடுத்தால் அது அப்ஸ்ட்ரக்‌ஷன். பேஸ்பால் வீடியோக்களில் இதையே இன்டர்ஃபியரன்ஸ் என்பார்கள், குழம்ப வேண்டாம்.

1. நிற்கும் இடம்: கேட்சருக்கு நேர் பின்னால் நின்றால் அவர் முதுகுதான் தெரியும். பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவில் தெரியும் சந்தில் நில்லுங்கள்.

2. காது: அலுமினிய மட்டையில் பந்து பட்டால் ‘டிங்’. மட்டை கேட்சரின் கிளவுஸைத் தட்டினால் அதற்குச் சற்று முன்பே மொத்தையாக ஒரு ‘டப்’. இதனால்தான் கிரிக்கெட் ஹெல்மெட்டை இரவல் வாங்கிப் போடாதீர்கள் என்கிறேன், காதை மூடிவிடும். கம்பி மாஸ்க்தான் சரி.

3. கை: நான் சறுக்கியது இங்கேதான். சேலத்தில் ஒரு பள்ளி மாணவியர் ஆட்டம், சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்றடித்துச் செம்மண் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாம் பேஸில் மட்டும் ரன்னர் (ஓடிவந்து பேஸில் நிற்கும் பேட்டிங் அணிக்காரி). ‘டப்’ கேட்டது, கேட்சர் கையை உதறினாள். நான் உடனே “டைம்!” என்று கத்தி ஆட்டத்தையே நிறுத்திவிட்டேன். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) பக்கம் உருண்ட பந்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரன் எடுக்க ஹோமுக்கு ஓடிவந்த ரன்னரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பேட்டிங் அணியின் பி.டி. சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இடது கையை முஷ்டி மடக்கிப் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஆட்டம் ஓடட்டும். முடிந்த பிறகு நிறுத்துங்கள்.

4. தீர்ப்பு: பேட்டர் ஃபர்ஸ்ட் பேஸைப் பத்திரமாக அடைந்து, மற்ற ரன்னர்கள் எல்லோரும் ஒரு பேஸாவது முன்னேறியிருந்தால் அப்ஸ்ட்ரக்‌ஷனை மறந்துவிடலாம். இல்லையென்றால் பேட்டிங் அணியின் கோச்சிடம் கேளுங்கள். நடந்ததை அப்படியே ஏற்கலாம். அல்லது பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ், அவருக்கு இடம்விட வேண்டிய ரன்னர்களுக்கு மட்டும் அடுத்த பேஸ். நான் வாயை மூடிக்கொண்டிருந்து, ஃபர்ஸ்ட் பேஸில் பேட்டர் அவுட்டாகி, ரன்னர் ஹோம் சேர்ந்திருந்தால் சார் ரன்னை எடுத்துக்கொண்டிருப்பார். மற்ற வழியில் போனால், ஒன்றும் இரண்டும் காலியாக இருந்ததால், ரன்னர் மூன்றாம் பேஸிலேயே நிற்க வேண்டும். அந்தத் தேர்வையே அவரிடமிருந்து நான் பறித்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துத்தான் சமாதானம் செய்தேன்.

பின்சேர்க்கை: “மட்டை கிளவுஸில் பட்டால்தானா?” என்று இருவர் கேட்டிருந்தார்கள். இல்லை. கேட்சர் முன்னால் கையை நீட்டியதால் பேட்டர் வீச்சை அடக்கிக்கொண்டாலும் அப்ஸ்ட்ரக்‌ஷன்தான். பந்தைத் தாண்டிச் சுழன்றுபோன மட்டை கேட்சர் மேல் பட்டால் கணக்கில்லை. அடிக்கிற எண்ணமே இல்லாமல் வேண்டுமென்றே கிளவுஸைத் தட்டும் கில்லாடிகளும் உண்டு, அவர்களுக்கும் கையை நீட்டிவிடாதீர்கள்.