சாகசப் படத்தில் பிடுங்குவார்கள், அகழாய்வில் எப்படி எடுப்பார்கள்?

பீடத்தில் இருக்கும் சிலையை நாயகன் எடுத்துக்கொண்டு ஓடும் காட்சியில், சிலை தப்பிவிடும். அது கிடந்த மண்ணடுக்கு, அருகில் இருந்த பானை ஓடு, சாம்பல் எல்லாம் அழிந்துவிடும். காலத்தைச் சொல்பவை பெரும்பாலும் அவைதான். உண்மையான களத்தில் வேலை நடக்கும் முறை வேறு.

முதலில் நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரியுங்கள். 5×5 மீட்டர் வழக்கமான அளவு. சதுரங்களுக்கு இடையே தோண்டாத மண் சுவரை விட்டுவையுங்கள், அடுக்குகளை அதில்தான் படிக்க முடியும். கொத்துக்கரண்டியால் மேலிருந்து அடுக்கடுக்காகச் சுரண்டுங்கள். மண்ணின் நிறமோ இறுக்கமோ மாறினால் உடனே நிறுத்தி அந்த அடுக்குக்குப் புது எண் கொடுங்கள். இதைக் கவனிக்காமல் போனால் இரண்டு காலத்துப் பொருள்கள் ஒரே பையில் கலந்துவிடும். பிறகு எந்த ஆய்வகமும் அவற்றைப் பிரித்துத் தராது.

பொருள் தென்பட்டால் இழுக்காதீர்கள். சுற்றிலும் மண்ணை நீக்கி, அளவுகோலும் வடதிசைக் குறியும் வைத்துப் படமெடுங்கள். சதுரத்துக்குள் அது கிடக்கும் இடத்தை நீளவாக்கு, அகலவாக்கு, ஆழம் என மூன்று அளவுகளில் குறித்த பின்பே எடுக்கலாம். கரித்துண்டை வெறும் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் பொதியுங்கள்; அதில் எஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான் உதவும். தோண்டிய மண்ணையும் சலியுங்கள், மணிகளும் மீன் முள்ளும் அதில்தான் அகப்படும்.

படங்கள் அறவே காட்டாதது இதற்குப் பிந்தைய வேலை: கழுவுதல், எண்ணிடுதல், வரைதல், அறிக்கை. தோண்டியதைவிட இதற்கே அதிகக் காலம் ஒதுக்குங்கள்.