ஜிம்னிக்கு ஷாக், ஸ்பிரிங் மாத்தும்போது பண்ணவே கூடாத தப்புங்க

எங்க குடும்பத்துக்குள்ளயே மூணு ஜிம்னி (சுசுகியோட சின்ன 4x4 வண்டி) ஓடுது, தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ரெண்டு, பீட்டர்மரிட்ஸ்பர்க்ல ஒண்ணு. அதனால அடிக்கடி யாராவது "அண்ணே, வண்டி பின்னாடி உக்காந்துடுச்சு, ஷாக் போயிடுச்சு போல"ன்னு போன் போடுவாங்க. தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. வண்டிய தாங்கி நிக்க வைக்கிறது ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்த அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. வண்டி தாழ்ந்து போச்சுன்னா ஷாக்க மட்டும் மாத்தி பிரயோஜனமே இல்ல. பிரேக் போட்டா மூக்கு குத்துது, ஒரு குழி தாண்டின பிறகும் ரெண்டு மூணு தடவ ஆடுது, டயர்ல அங்கங்க பள்ளம் பள்ளமா தேஞ்சிருக்கு, ஷாக் மேல எண்ணெய் வழிஞ்சு மண்ணு ஒட்டியிருக்கு, இதெல்லாம் இருந்தா ஷாக் காலி. லேசா ஈரம் பட்ட மாதிரி மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம், வழிஞ்சாதான் பிரச்சினை.

சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டேப்ப எடுத்து, சமமான தரையில வண்டிய நிறுத்தி, வீல் நடுவுல இருந்து நேரா மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதி வைங்க. இத யாருமே பண்றதில்ல. அப்புறம் புது ஸ்பிரிங் போட்டுட்டு எவ்வளவு ஏறுச்சுன்னு கேட்டா கையால காட்டுவாங்க.

அடுத்து, தேவைக்கு மேல கெட்டியான ஸ்பிரிங் வாங்குறது. காவடி நேரத்துல அண்டா, அரிசி மூட்டைன்னு பின்னாடி நிறைய ஏத்துறோம், அதனால ஹெவி ட்யூட்டி வேணும்னு தம்பி ஒருத்தன் ஒத்தக்கால்ல நின்னான். வருஷத்துல நாலு நாள் பாரத்துக்காக மீதி நாளெல்லாம் காலி வண்டியில முதுகு உடைய ஓட்டணுமா? பம்பர்ல வின்ச் (மாட்டின வண்டிய இழுக்கிற மோட்டார்), கூரையில டென்ட்டுன்னு எப்பவுமே வெயிட் இருக்கிற வண்டிக்குத்தான் அது சரி.

லிஃப்ட் விஷயத்துலயும் பொறுமை வேணும். ஜிம்னியில முன்னாடியும் சரி பின்னாடியும் சரி, இடது வலது வீல சேர்க்கிறது ஒரே முழு தண்டு ஆக்ஸில், அத நீளமான ஆர்ம் பிடிச்சிருக்கும், பக்கவாட்டுல நகராம பானார்ட் ராட்னு ஒரு குறுக்குக் கம்பி பிடிச்சிருக்கும். வண்டிய 50 மில்லிமீட்டர் தூக்கினா முன்னாடி ஆக்ஸில் கொஞ்சம் திரும்பி காஸ்டர் (முன் வீல் திரும்புற அச்சு பின்பக்கமா சாஞ்சிருக்கிற கோணம்) குறைஞ்சிடும், ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, என்3 நெடுஞ்சாலையில வான் ரீனன் மலைப்பாதை பக்கம் லாரி தாண்டும்போது காத்து அடிச்சா வண்டி அலையும். அதோட பானார்ட் ராட் அதே நீளத்துல இருக்கிறதால ஆக்ஸில் ஒரு பக்கமா இழுத்துக்கும். காஸ்டர் சரி பண்ற புஷ் (ஆர்ம் மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் உருளை), அந்த உயரத்துக்கு ஏத்த நீளமான ஷாக், இதுக்கும் சேர்த்து காசு இருந்தா தூக்குங்க, இல்லன்னா பழைய உயரத்துக்கே புது ஸ்பிரிங் போடுங்க. சானி பாஸ்ங்கிற மலைப்பாதையோட உச்சி 2,876 மீட்டர், அங்க வரைக்கும் எங்க வண்டி பழைய உயரத்துலயே ஏறிட்டு வந்திருக்கு.

வேலைய பண்ணும்போது வெறும் ஜாக்க நம்பி கீழ படுக்காதீங்க, தயவுசெஞ்சு. சேஸிஸ்க்கு கீழ ஸ்டாண்ட் ரெண்டு, ஆக்ஸிலுக்கு கீழ தனியா ஒரு ஜாக். ரெண்டு பக்க ஷாக்கையும் கழட்டிட்டு ஜாக்க மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தளர்ந்து கையோட வந்துடும். ஆனா ஷாக்க கழட்டினதும் ஆக்ஸில தடுத்து நிறுத்த ஒண்ணும் கிடையாது, முழு வெயிட்டும் பிரேக் ஹோஸ்ல தொங்கிடும். ஏபிஎஸ் வயர், டிஃப் (ஆக்ஸில் நடுவுல இருக்கிற கியர் உருண்டை) மூச்சு விடுற ஹோஸ், முன் ஹப்புக்கு (முன் வீலோட நடுப் பகுதி) போற மெல்லிசான வேக்யூம் ஹோஸ், எல்லாத்தையும் ஒரு கண்ணு பாத்துக்கிட்டே இறக்கணும். அந்த வேக்யூம் ஹோஸ் கிழிஞ்சா முன் ஹப் லாக் ஆகாது, அதாவது முன் வீலுக்கு இன்ஜின் சக்தி போகாது, வீட்டு வாசல்ல தெரியாது, மலையில நாலு வீலும் வேணும்னு பட்டன அழுத்தும்போதுதான் தெரியும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். ரப்பர் புஷ் இருக்கிற போல்ட்ட வீல் தொங்கும்போது இறுக்காதீங்க. அந்த புஷ் பேரிங் மாதிரி சுத்தாது, உள்ள இருக்கிற இரும்புக் குழாய போல்ட் இறுக்கிப் பிடிச்சுக்கும், ரப்பர் முறுக்கிக் குடுத்துத்தான் அசையும். தொங்குற நிலையில இறுக்கிட்டு வண்டிய கீழ இறக்கினா, நிக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கு மேல ரோட்டு ஆட்டம் வேற. எங்க வண்டிய முதல் தடவ ஒரு கடையில குடுத்தோம், லிஃப்ட்ல தூக்கி வீல் தொங்க வச்சே எல்லாத்தையும் இறுக்கிட்டாங்க, சில மாசத்துலயே புஷ் கிழிஞ்சு டக்கு டக்குன்னு சத்தம். அதனால எல்லா போல்ட்டையும் கையால மட்டும் போட்டுட்டு, வண்டிய தரையில இறக்கி, நல்லா அமுக்கி ஆட்டி விட்டுட்டு, அப்புறம் மேனுவல்ல இருக்கிற அளவுக்கு இறுக்குங்க. இன்னொண்ணு, ஸ்பிரிங் மாத்தினா உயரம் மாறுது இல்லையா, அப்ப நீங்க தொடாத ஆர்ம், பானார்ட் ராட் புஷ்ஷும் பழைய உயரத்துக்கே இறுகியிருக்கும். அதையும் தளர்த்தி, புது உயரத்துல திரும்ப இறுக்கணும்.

நம்ம டர்பன் உப்புக் காத்துல போல்ட்டெல்லாம் துரு பிடிச்சுக்கும், முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க. முன் ஷாக்கோட மேல் நட்ட கழட்டும்போது ராட் சேர்ந்து சுத்தும், அப்ப பழசுன்னா எப்படி வேணா பிடிங்க, புதுசோட பளபளப்பான ராட்ல மட்டும் வைஸ் கிரிப் போடாதீங்க, ஒரு கீறல் விழுந்தாலே சீல் போயிடும். ஸ்பிரிங்கோட நுனி, அது உக்கார்ற தட்டுல இருக்கிற படியில சரியா உக்காரணும். இடது வலதுன்னு லேபிள் இருந்தா அதுப்படியே போடுங்க. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாத்தான் மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டா வண்டி கோணிக்கும்.

ஸ்டியரிங் நடுங்குதுன்னு ஷாக் மாத்துறவங்களும் இருக்காங்க. அது பெரும்பாலும் கிங்பின் (முன் வீல் திரும்புற முளை) பேரிங், பானார்ட் புஷ், வீல் பேலன்ஸ், இதுல ஒண்ணாத்தான் இருக்கும், முதல்ல அத பாருங்க.

முடிச்சதும் டோ அளவ (முன் வீல் ரெண்டும் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) பாக்கணும், ஸ்டியரிங் வீல் நேரா இல்லன்னா டிராக் லிங்க்ல (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து வீல் பக்கம் போற கம்பி) சரி பண்ணணும், ஹெட்லைட்ட இறக்கணும், இல்லன்னா எதிர்ல வர்றவங்க கண்ணு கூசும். 500 கிலோமீட்டர் ஓடின பிறகு, இல்ல முதல் கல்லு ரோட்டுக்கு போயிட்டு வந்த பிறகு, எது முதல்ல வருதோ, அதே டேப்ப எடுத்து நாலு பக்கமும் திரும்ப அளந்து, எல்லா நட்டையும் ஒரு தடவ ஸ்பானர் வச்சு பாத்துடுங்க.