கச்சேரி மேடையின் குறைந்த ஒளியில் ஸ்லைடு ஃபிலிமைப் புஷ் செய்யும் முறை

திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையின் மாலைக் கச்சேரிகளையோ, கும்பகோணத்துக் கோயில்களில் இரவுப் புறப்பாட்டுக்கு முன்செல்லும் நாகஸ்வர, தவில் கலைஞர்களையோ ஃபிளாஷ் இன்றிப் படமெடுக்க 100 ஐஎஸ்ஓ ஸ்லைடு ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், போதாது. புரோவியா 400எக்ஸ் போன்ற வேகமான ஸ்லைடு ஃபிலிம்கள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. ஆகவே எக்டாக்ரோம் இ100, புரோவியா 100எஃப் ஆகியவற்றில் ஒன்றை 400 எனக் கொண்டு படமெடுத்து, அதனால் குறையும் இரண்டு ஸ்டாப் ஒளியை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது) டெவலப் செய்யும்போது ஈடுகட்ட வேண்டும். இதுவே புஷ் செய்தல். அதற்கு மேல் புஷ் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கறுப்பு சாம்பல் பூத்துவிடும். நிழல்களில் விவரமே மிஞ்சாது.

கேமராவின் ஐஎஸ்ஓவை 400இல் வைத்தால், 100இல் 1/30 நொடி கேட்ட காட்சிக்கு லென்ஸின் அதே துளையில் 1/125 நொடி போதும். சுருள் முழுவதையும் ஒரே வேகத்தில்தான் எடுக்க வேண்டும். பாதியில் மாற்ற இயலாது.

அளவீட்டில்தான் மிகுந்த கவனம் தேவை. புஷ் செய்த ஸ்லைடில் கான்ட்ராஸ்ட் கூடுவதால், இருண்ட பின்புறத்தையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் மீட்டரை நம்பினால், வெள்ளை வேட்டியும் நெற்றி விபூதியும் வெளுத்து, வெறும் ஃபிலிமாக நிற்கும். முகத்தில் ஒளி படும் கன்னத்தை மட்டும், சிறு புள்ளியை மட்டுமே அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, மாநிறமாயின் அந்த அளவையே கொள்ளுங்கள். நிழல் இருண்டால் இருளட்டும். தவில்காரரின் வலக்கை விரல்களில் உள்ள கூடுகள் தெளிவாக விழ 1/125கூடப் போதாது. தனியாவர்த்தனம் முடிந்து கை தோலின் மீது அமரும் கணத்துக்குக் காத்திருங்கள். மஞ்சள் விளக்கைத் திருத்த 80ஏ நீல ஃபில்டரை மாட்டாதீர்கள். புஷ் செய்து பெற்ற இரண்டு ஸ்டாப்பையும் அதுவே விழுங்கிவிடும்.

ஸ்லைடு ஃபிலிமை டெவலப் செய்யும் இ-6 முறையில் மாறுவது முதல் டெவலப்பரின் நேரம் மட்டுமே. 38 டிகிரி செல்சியஸில் வழக்கமான 6 நிமிடம், ஒரு ஸ்டாப்புக்கு ஏறக்குறைய 8 நிமிடமாகவும், இரண்டு ஸ்டாப்புக்குப் பதினொன்றரை நிமிடமாகவும் நீளும். உங்கள் ரசாயனத்துடன் வரும் தாளில் வேறு நேரம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கலர் டெவலப்பர், பிளீச், ஃபிக்சர் ஆகியவற்றின் நேரங்கள் மாறுவதில்லை. நேரம் நீள்வதால் கரைசல் ஆறவும் வாய்ப்பு உண்டு என்பதால், மார்கழி, தை மாதங்களில் டேங்கை வெந்நீர்த் தொட்டியிலேயே வைத்திருங்கள்.

லேபுக்கு அனுப்புவோர் சுருளைக் கேமராவிலிருந்து எடுத்தவுடன் ஃபிலிம் கூட்டின் மீது “400, புஷ் 2” என எழுதிவிட வேண்டும்.