செம்பேன் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேனின் (1923–2007) படங்களைத் தேடும்போது முதல் இடறல் பெயரிலேயே வரும். பழைய பட்டியல்களில் குடும்பப் பெயர் முன்னால் நின்று ‘செம்பேன் உஸ்மான்’ என்றிருக்கும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

கான் (கேன்ஸ்) திரைப்பட விழாவில் விருது வாங்கிய ‘மூலாதே’ (2004) எளிதில் கண்ணில் படும். அதில் தொடங்க வேண்டாம். அது அவருடைய கடைசிப் படம்.

முதல் நாள் மாலை இரண்டு படங்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘போரோம் சரே’ (1963) சுமார் 20 நிமிடம், டக்கார் நகரக் குதிரை வண்டிக்காரர் ஒருவரின் ஒரே நாள். அவர் கைக்கு வரும் காசையும் போகும் காசையும் கணக்குப் போட்டுக்கொண்டே பாருங்கள். கதையே அந்தக் கணக்குதான். அடுத்து ‘லா நுவார் த’ (1966), ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிரான்சின் அந்தீபுக்கு வீட்டு வேலைக்குப் போகும் திவானாவின் கதை. படிப்பறியாத பெண்ணின் மனக்குரல் சரளமான பிரெஞ்சில் ஒலிப்பது உறுத்தும். அந்தக் குரல் நடித்தவருடையது அல்ல. ஹைட்டிப் பாடகி டோட்டோ பிசாந்த் பின்னால் கொடுத்தது. தாயிடமிருந்து கடிதம் வந்ததும் எஜமானரே திவானாவுக்காகப் பதில் எழுத உட்காரும் காட்சியை மட்டும் மறக்காமல் மனதில் வைத்திருங்கள். டிவியில் படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இது கிட்டத்தட்டச் சதுரச் சட்டகத்தில் எடுத்த படம். இழுத்தால் முகங்கள் அகன்றுபோகும்.

இரண்டாம் நாள் ‘மண்டபி’ (1968), சுமார் 90 நிமிடம். இதை செனகல் மக்கள் பேசும் வோலோஃப், பிரெஞ்சு என இரண்டு மொழிகளில் எடுத்தார். வோலோஃப் பிரதியையே எடுங்கள். பாரிசிலிருந்து 25,000 பிராங்குக்கு மணியார்டர் வருகிறது: அதைப் பெறும் நாயகன் இப்ராஹிமாவுக்கு 2,000, அனுப்பிய சகோதரி மகனின் தாய்க்கு 3,000, மீதி 20,000 பத்திரமாக வைத்திருக்க. அதை மாற்ற அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றும் போட்டோவும் வேண்டும். ஒவ்வொரு கவுண்டரிலும் எவ்வளவு கரைகிறது என்று தாளில் குறித்துக்கொண்டால் படம் இரண்டு மடங்கு சிரிக்க வைக்கும், வலிக்கவும் வலிக்கும்.

மணியார்டரோடு வந்த கடிதத்தைக் காசு வாங்கிக்கொண்டு இப்ராஹிமாவுக்குப் படித்துச் சொல்பவராக நடித்தவர் செம்பேனேதான். ‘லா நுவார் த’வில் பள்ளி ஆசிரியராக வருபவரும் அவரே. மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிரெஞ்சில் நாவல்கள் எழுதினார். தான் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் படிக்க முடியாது என்பதால்தான் நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று சினிமா கற்றார். நடிக்க அவர் தேர்ந்துகொண்ட வேடங்களும் தற்செயலாகத் தெரியவில்லை.

மூன்றாவது ‘ஹாலா’ (1975). இங்கே சப்டைட்டில் உங்களை ஏமாற்றும். தந்தை பிரெஞ்சில் கேட்க, மகள் ராமா வோலோஃபில் பதில் சொல்கிறாள். கீழே இரண்டும் ஒரே மொழியாகத்தான் ஓடும். அந்த இடங்களில் எழுத்தை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். செனகலில் தணிக்கை வெட்டியபோது, வெட்டிய காட்சிகளை விவரித்துத் துண்டறிக்கை விநியோகித்தார் செம்பேன். ஆகவே முழுப் பிரதிதானா என்று பார்த்து எடுங்கள்: முடிவில் பிச்சைக்காரர்கள் துப்பும் காட்சி இருக்க வேண்டும்.

‘செட்டோ’ (1977) பலரைச் சோர்வடையச் செய்யும். நீண்ட சபைப் பேச்சுகள். களைத்த இரவில் போடாதீர்கள். தலைப்பில் (Ceddo) ஒரு ‘d’யா இரண்டா என்ற எழுத்துத் தகராற்றைக் காரணம் காட்டி அரசு இதைத் தடுத்து வைத்தது.

‘எமிதாய்’ (1971), ‘தியாரோய் முகாம்’ (1988) இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். முன்னது செனகலின் தெற்கே காசமான்ஸ் கிராமங்களில் இரண்டாம் உலகப் போருக்காகப் பிரெஞ்சு ஆட்சி அரிசி பறித்த கதை. பின்னது அதே போரிலிருந்து திரும்பி, பாக்கிச் சம்பளம் கேட்டதற்காக 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சு ராணுவத்தால் சுடப்பட்ட ஆப்பிரிக்க வீரர்களின் கதை. ‘தியாரோய் முகாம்’ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடுவில் இடைவேளை விடுங்கள்.

இனி ‘மூலாதே’. ஆண்கள் பெண்களின் ரேடியோக்களைப் பறித்துக் குவித்து எரிக்கும்போது, ‘மண்டபி’யில் கடிதம் படித்துக் காட்டிய செம்பேனின் கவலை, அதாவது செய்தி மக்களைப் போய்ச் சேருமா என்பது, இங்கும் தொடர்வது தெரியும். பெயர்ப்பட்டியல் வருமுன் எழுந்துவிடாதீர்கள்: கடைசியில் மசூதி உச்சியின் நெருப்புக்கோழி முட்டையைக் காட்டி, அதையடுத்து ஒரு டிவி ஆன்டெனாவைக் காட்டுகிறார்.