தமிழ் விக்கிப்பீடியாவில் திருத்துவதும் நீக்கக் கோருவதும்: புதியவர்களுக்கான செய்முறை

2003ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்கள் முதலில் ஒரு பயனர் கணக்கைத் தொடங்கிக்கொள்வது நல்லது. உங்கள் பங்களிப்புகள் ஒரே பெயரின்கீழ் சேரும், பிறர் உங்களோடு பேச ஒரு பேச்சுப் பக்கமும் கிடைக்கும். எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது.

முதல் திருத்தம் சிறியதாக இருக்கட்டும். ஒரு கட்டுரையில் பிறந்த ஆண்டு 1912 என்றிருக்க, உங்கள் கையில் உள்ள நூல் 1921 என்கிறது என வைத்துக்கொள்வோம். 'தொகு' என்பதைச் சொடுக்கி, எண்ணை மாற்றி, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் மேற்கோளாகச் சேர்த்து, கீழேயுள்ள சுருக்கப் பெட்டியில் "பிறந்த ஆண்டு திருத்தம், நூல் சான்றுடன்" என்று எழுதிய பிறகே சேமியுங்கள். பலரும் வெறுமையாக விட்டுவிடும் அந்தப் பெட்டிதான் உங்கள் திருத்தத்தைக் குறும்பு வேலையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அடுத்து, பக்கத்தின் வரலாற்றைப் பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் கூடிய அல்லது குறைந்த பைட்டுகளின் (கணினியில் உரையின் அளவைக் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை இருக்கும். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு என்பதால் 'மரம்' என்ற சொல்லைச் சேர்த்தாலே 12 கூடிவிடும் (புள்ளியும் ஒரு குறிதான்). ஆனால் சான்று எதுவும் சேர்க்காமல் 1912ஐ 1921 ஆக்கினால் மாற்றம் 0 என்றே காட்டும். ஆகவே எண்ணிக்கையை நம்பாமல், இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் திருத்தத்தை யாரேனும் மீளமைத்துவிட்டால் (பழைய நிலைக்கே மாற்றிவிட்டால்) மீண்டும் அதையே சேமிக்காதீர்கள். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் சான்றைக் குறிப்பிட்டுக் காரணத்தைக் கேட்டு, நான்கு அலைக்குறிகளை (~~~~) இட்டுக் கையொப்பமிடுங்கள்.

நீக்கம் என்பது வேறு. ஒரு பக்கத்தை நீக்கும் அணுக்கம் (உரிமை) நிர்வாகிகளுக்கு மட்டுமே உண்டு என்பதால், உள்ளடக்கம் முழுவதையும் அழித்து வெற்றுப் பக்கமாகச் சேமிப்பது நீக்கம் ஆகாது. அடுத்து வரும் பயனர் அதை மீளமைத்துவிடுவார். பக்கத்தின் தலைப்பகுதியில் நீக்கல் வார்ப்புருவை (நீக்கக் கோரும் ஆயத்த அறிவிப்பை) இட்டு, பதிப்புரிமை மீறலா, விளம்பரமா, குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்கு உரிய தகுதி) இல்லாததா என்ற காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். தலைப்பில் எழுத்துப்பிழை இருப்பது நீக்கக் காரணமே அல்ல. அதற்குத் தலைப்பை மாற்றும் 'நகர்த்து' போதும்.

உங்கள் கட்டுரையிலேயே அந்த வார்ப்புரு விழுந்தால் அதை நீங்களே எடுத்துவிடாமல், கட்டுரைப் பொருளோடு தொடர்பில்லாத வேறு ஆசிரியர்கள் எழுதிய சான்றுகளைப் பேச்சுப் பக்கத்தில் முன்வையுங்கள். என் முதல் கட்டுரை நீக்கப்பட்டதற்குக் காரணம், நாளிதழ்ச் செய்தி ஒன்றை வரிமாறாமல் ஒட்டியிருந்தேன். அதற்கு எந்தச் சான்றும் உதவியிருக்காது. பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத கட்டுரை நீக்கப்பட்டிருந்தால், நிர்வாகி ஒருவரிடம் கேளுங்கள்: அழிந்ததாகத் தோன்றும் உரை அவர் பார்வைக்குக் கிடைக்கும், அதை உங்கள் பயனர்வெளிக்கு (உங்கள் கணக்கின் கீழுள்ள பக்கங்களுக்கு) மீட்டுத் தரவும் அவரால் முடியும்.