வார்டுக்கு வெளியேயும் நர்ஸ் வேலை உண்டு

நர்சிங் முடித்தால் வார்டு, ஐசியூ மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஸ்டோமா நர்ஸ் என்று ஒரு வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் மதிப்பு அதன்மேல். ஸ்டோமா என்றால், மலம் வெளியேற வயிற்றில் அறுவை செய்து வைக்கும் துளை; அதன்மேல் மலம் சேரும் பை ஒட்டுவார்கள். குடல் அறுவை சிகிச்சைக்கு முன்பே இந்த நர்ஸ் நோயாளியை உட்கார, நிற்க, குனியச் சொல்லிப் பார்த்து, தோல் மடிப்பையும் பெல்ட் கட்டும் இடத்தையும் தவிர்த்து, பை ஒட்டவேண்டிய இடத்தை வயிற்றில் பேனாவால் குறிப்பார். குறி சரியாக அமைந்தால் பை கசிவது குறையும், நோயாளி தயங்காமல் வெளியே போய்வரலாம்.

பதிவேடும் கணக்கும் பிடிக்குமா? தொற்றுத் தடுப்பு, மருந்து ஆராய்ச்சி, மருத்துவமனை மென்பொருள் என்று பார்க்கலாம். தடயவியல் நர்ஸும் உண்டு; குற்றத்தால் பாதிக்கப்பட்டவரைக் கவனித்து, தடயங்களையும் சேகரிப்பவர் அவர்.

இவற்றில் பலவற்றுக்கு வார்டு அனுபவம் கேட்பார்கள். அதனால் முதலில் ஓரிரு வருடம் வார்டில் இருங்கள். அப்புறம் உங்கள் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு நர்ஸோடு ஒருநாள் கூடவே சுற்ற அனுமதி கேளுங்கள்.